கிந்தா பள்ளத்தாக்கில் தளர்ந்த நம்பிக்கை: கோப்பெங் வட்டாரத் தமிழரும் வாக்குரிமையும்

அரசியல் நம்பிக்கை என்ற சொல், வாக்கைப் பெற்றவர் தேர்தல் முடிந்த பின்னும் அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டு நடப்பார் என்று குடிமக்கள் கொள்ளும் எதிர்பார்ப்பைக் குறிக்கும். ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் வளர்த்த, மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கிலுள்ள கோப்பெங் வட்டாரத்தில், தமிழரிடையே இவ்வெதிர்பார்ப்பு உருவாகி, வலுப்பெற்று, பின்னர் தளர்ந்த போக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீள்கிறது.

வாக்குரிமை வருவதற்கு முன் அதன் இடத்தில் இருந்தது புரவலர்மீதான நம்பிக்கை. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில், தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகைக்கு அருகே மாரியம்மன் கோயில் ஒன்று உள்ளது. நோய் பரவியபோது தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க அவர் கட்டித்தந்ததாகச் சொல்லப்படும் அக்கோயிலின் மேற்பகுதியில், தெய்வ உருவங்களுக்கிடையே ஐரோப்பிய உடையில் அவரது உருவமும் நிற்கிறது. கேட்டது கிடைத்ததற்கான நன்றி சுதையாக நிலைபெற்றது. கிடைக்காதிருந்தால் கேள்வி கேட்கும் உரிமை எவருக்கும் இருந்திருக்காது.

1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) மலாய், சீனர் கட்சிகளுடனான கூட்டணியில் இணைந்து 1955 தேர்தலைச் சந்தித்தபோது, புரவலரின் இடத்துக்குக் கட்சி வந்தது. விடுதலையை ஒட்டி ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தலைப்பட, வேலையும் வீடும் ஒருசேர இழந்தவர்களுக்காகச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த கட்சித் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டதால், தலைமையின் சொல் கண்ணெதிரே நிலமாக மாறியது. பிற்காலத்தில் இதே நம்பிக்கையின்மீது 1982இல் எழுப்பப்பட்ட ம.இ.கா.வின் முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ், இந்தியக் குடும்பங்களிடமிருந்து 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டியும் முதலீட்டாளர்கள் எதிர்பார்த்த பலனைத் தராமற்போனது, கட்சிக்கும் தோட்டப்புறத்துக்கும் இடையிலான பிணைப்பை உள்ளிருந்தே அரித்தது.

2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் அமைப்பு கோலாலம்பூரில் நடத்திய பேரணியும், அதனைத் தொடர்ந்த 2008 மார்ச் தேர்தலும் இந்த அரிப்பை வெளிக்காட்டின. ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். கோப்பெங் நாடாளுமன்றத் தொகுதி மக்கள் நீதிக் கட்சியின் வசம் வந்தது. பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31ஐ, பின்னர் மக்கள் கூட்டணியாக இணைந்த எதிர்க்கட்சிகள் வென்று ஆட்சி அமைத்தன. பழைய கட்சியின்மீது நம்பிக்கை போயிருந்தாலும் வாக்கின்மீதான நம்பிக்கை அப்போது உச்சத்தில் இருந்தது என்பதே இத்தேர்தலின் சிறப்பு.

அதை உடைத்தது 2009. ஒரு கட்சியின் பெயரில் வென்றவர் பதவிக்காலத்திலேயே ஆதரவை மறுபக்கம் மாற்றும் கட்சித் தாவலால், மூன்று உறுப்பினர்கள் விலகி ஆட்சியின் பலம் 28ஆகச் சுருங்க, சட்டமன்றத்தைக் கலைக்கும் கோரிக்கை ஏற்கப்படாத நிலையில், பிப்ரவரி 6இல் தேசிய முன்னணியின் ஸம்ரி அப்துல் காடிர் மந்திரி பெசாராக, அதாவது மாநில முதல்வராகப் பதவியேற்றார். மே 7இல் ஈப்போவில் கூடிய அவையில், சபாநாயகர் வி. சிவகுமார், பதவி அங்கியோடு அமர்ந்திருந்த நாற்காலியுடனேயே வெளியே இழுத்துச் செல்லப்பட்டார்; அவரிடத்தில் ம.இ.கா.வின் ஆர். கணேசன் அமர்த்தப்பட்டார். ஒரு தமிழருக்குப் பதில் இன்னொரு தமிழர் அமர்ந்ததால், இனப் பிரதிநிதித்துவக் கணக்கில் எதுவும் குறையவில்லை. ஆயினும் குறைந்தது பெரிது: நம்மவர் ஒருவர் நாற்காலியில் இருந்தால் போதும் என்ற அரை நூற்றாண்டுக் கால அரசியலின் போதாமை அன்று வெளிப்பட்டது. இந்த ஆட்சி மாற்றம் குறித்த வழக்கில், பெரும்பான்மை இழப்பை அவை வாக்கெடுப்பின்றி வேறு வழிகளிலும் அறியலாம் என்று 2010இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது.

2018 தேர்தலில் ஆட்சி மாறியபோது மீண்டும் துளிர்த்த நம்பிக்கை 2020இல், கூட்டரசிலும் பேராக்கிலும் தேர்தலின்றி ஆட்சி கைமாறியதும், மீண்டும் வாடியது. 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கட்சித் தாவல் தடைத் திருத்தம் தனி உறுப்பினரைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு கட்சி முழுவதுமாகக் கூட்டணி மாறினால் அதைத் தடுப்பதில்லை. நாடு தழுவிய வாக்களிப்பு 2018இல் இருந்த 82 விழுக்காட்டிலிருந்து 2022இல் ஏறத்தாழ 74க்கு இறங்கியதைச் சலிப்பு என்று மட்டும் கொள்வது பிழை. ஏனெனில், இதற்கிடையே 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் வாக்காளர் பட்டியலை 2 கோடிக்கு மேல் விரித்திருந்தன.

நம்பிக்கை மீள வேண்டிய இடம் தலைநகரத்தைவிட ஊருக்கு அருகில் உள்ளது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தலைத் தொடரவேண்டும் என்று, ம.இ.கா. தலைவர்களுள் ஒருவரான ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையமே பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை; 1976ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேர்தலை ஒழித்தது. கோப்பெங்கின் கால்வாயையும் குப்பையையும் தெருவிளக்கையும் கவனிக்கும் கம்பார் மாவட்ட மன்றத்தின் உறுப்பினர்கள் இன்றும் மாநில அரசால் நியமிக்கப்படுகிறவர்களே.