அயோடின் வினையூக்கிகள்

கரிமச் சேர்மங்களைத் தொகுக்கும் வினைகளில், குறிப்பாக ஆக்சிஜனேற்ற வினைகளில், குரோமியம், ஆஸ்மியம், காரீயம் முதலிய நச்சு உலோகங்களுக்கு மாற்றாகச் சிறிதளவு சேர்க்கப்படும் அயோடின் சேர்மங்கள் அயோடின் வினையூக்கிகள் எனப்படும். உலோக எச்சம் மருந்தில் தங்கிவிட்டால் அதை அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் குறைக்கத் தனியே தூய்மையாக்க வேண்டியிருப்பதால், மருந்துத் தொகுப்பில் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

பெர்னார் கூர்த்துவா 1811-இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டறிந்த அயோடின், பெரும்பாலும் ஒரே பிணைப்பை உருவாக்கும் தனிமமாயினும், அதன் அணு பெரியதாகையால் மூன்று அல்லது ஐந்து இணைதிறன் கொண்ட நிலைகளையும் அடையவல்லது. இவ்வகைக் கரிமச் சேர்மங்களுள் முதலாவதை ஜெர்மானிய வேதியியலாளர் வில்கெரோட் 1886-இல் தயாரித்தார். உயர் இணைதிறன் அயோடின், வினைப்படுபொருளிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்றுத் தாழ்ந்த நிலைக்குத் திரும்பும். உலோகங்கள் ஆற்றும் பணியை அது ஏற்க முடிவது இதனால்தான்.

ஆயினும் நெடுங்காலம் இச்சேர்மங்கள் வினைப்படுபொருளுக்கு ஈடான அளவிலேயே பயன்பட்டன. 1983-இல் வெளியான டெஸ்–மார்ட்டின் வினைபொருளும் அத்தகையதே. உருவாகும் விளைபொருளுக்குச் சமமான அயோடின் கழிவு எஞ்சியதோடு, டெஸ்–மார்ட்டின் வினைபொருளின் முன்னோடியான அயோடாக்சிபென்சாயிக் அமிலம் சூடாக்கினாலோ அதிர்ந்தாலோ வெடிக்கும் இயல்புடையதாகவும் இருந்தது. செலவழிந்த அயோடினை வேறோர் ஆக்சிஜனேற்றியால் வினைக்கலத்திலேயே மீண்டும் உயர்நிலைக்குக் கொண்டுவரலாம் என்பதை 2005-இல் ஜப்பானில் ஒச்சியாய் குழுவும் கித்தா குழுவும் தனித்தனியே நிறுவியதே உண்மையான திருப்புமுனையாகும். 2009-இல் நகோயா பல்கலைக்கழகத்தின் இஷிஹாரா குழுவினர், அயோடாக்சிபென்சீன்சல்போனிக் அமிலங்களை 0.05 முதல் 5 மோல் விழுக்காடு வரை மட்டுமே பயன்படுத்தி, ஆக்ஸோன் என்னும் பெராக்சிசல்பேட்டு உப்பின் துணையால் ஆல்கஹால்களை ஆல்டிஹைடுகளாகவும் கீட்டோன்களாகவும் மாற்றினர். ஆக்ஸோனின் அளவைக் கூட்டினால் முதல்நிலை ஆல்கஹால் கார்பாக்சிலிக் அமிலம் வரை செல்லும். அடுத்த ஆண்டு அக்குழுவே, கைத்தன்மையுள்ள, அதாவது தன் ஆடிப்பிம்பத்தோடு பொருந்தாத, அம்மோனியம் அயோடைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கொண்டு, இரு ஆடிவடிவங்களுள் ஒன்றையே மிகுதியாகத் தரும் வளையமாக்க வினையை உருவாக்கியது.

உலோகம் இல்லை என்பதாலேயே ஒரு முறை பசுமையானதாகிவிடாது. உடன் சேர்க்கப்படும் ஆக்சிஜனேற்றி எதுவென்பதும் அதைத் தீர்மானிக்கிறது. மெட்டா-குளோரோபெர்பென்சாயிக் அமிலம் குளோரோபென்சாயிக் அமிலத்தைக் கழிவாக விடும். ஆக்ஸோன் சல்பேட்டு உப்புகளை விடும். ஹைட்ரஜன் பெராக்சைடோ நீரை மட்டுமே விடுவதால் மூன்றினுள் மேலானது. மேலும், அயோடின் எல்லா வினைகளிலும் உலோகங்களுக்கு மாற்றாகிவிடவில்லை; கார்பன்–கார்பன் இணைப்பு வினைகளில் பல்லேடியம் என்னும் உலோகமே இன்றளவும் முதலிடம் வகிக்கிறது.