நார்போக் தீவும் தாய்மார் தந்த மொழியும்

ஆஸ்திரேலியப் பெருநிலத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 1,400 கி.மீ. தொலைவில், பசிபிக் பெருங்கடலில் அமைந்தது நார்போக் தீவு. பரப்பு 35 சதுர கிலோமீட்டர் அளவே. 1788 முதல் 1814 வரையிலும், 1825 முதல் 1855 வரையிலும் ஆங்கிலேயர் இதனைக் கைதிகளின் குடியிருப்பாக வைத்திருந்தனர். கைதிகள் அகற்றப்பட்டபின், 1856ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், பிட்கெயர்ன் தீவிலிருந்து 194 பேர் இங்கு வந்து குடியேறினர். இன்றைய நார்போக் சமுதாயத்தின் தொடக்கம் அதுவே.

அவர்களின் பழங்கதை கடலில் தொடங்குகிறது. 1789 ஏப்ரல் 28 அன்று 'பவுண்டி' கப்பலின் மாலுமிகள் சிலர் தலைவர் பிளைக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் ஒன்பதின்மர், தஹீத்தி முதலிய தீவுகளின் ஆடவர் சிலரோடும் பெண்களோடும் 1790இல் பிட்கெயர்னை அடைந்தனர். பகையும் கொலையும் நோயும் ஆடவரை அழித்தன. 1808இல் அமெரிக்கக் கப்பலொன்று அத்தீவைக் கண்டபோது, வந்த ஆடவருள் எஞ்சியிருந்தவர் ஜான் ஆடம்ஸ் ஒருவரே. பெண்களும் பிள்ளைகளுமே ஊராக இருந்தனர். பிள்ளைகள் பெருகி, பிட்கெயர்னின் நிலமும் நீரும் போதாமற்போகவே நார்போக் பயணம் நேர்ந்தது.

இவ்வரலாறு பெரிதும் ஆடவர் பெயராலேயே எழுதப்பட்டது. கிறிஸ்டியன், யங், ஆடம்ஸ், குவின்டால் என்னும் மாலுமிகளின் பெயர்கள் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. ஒரே பெயர் பலர்க்கும் அமைந்தமையால், தொலைபேசிக் கையேட்டிலும் பட்டப்பெயர்கள் இடம்பெறலாயின. தாய்மார் பெயர்களோ அவ்வாறு நிலைக்கவில்லை. தெஹுதெயாதுவாவோனோவா என்னும் தஹீத்திப் பெண்மணி 1817இல் பிட்கெயர்னை விட்டு நீங்கினார். அவர் கூறிய செய்திகள் 1819இல் 'சிட்னி கெசட்' இதழில் வெளிவந்தன. ஆங்கிலேயர் அவரை அழைத்தது 'ஜென்னி' என்று!

எனினும், பெயரிழந்த அப்பெண்கள் பேச்சில் வாழ்ந்தனர். மாலுமிகளின் ஆங்கிலமும் தாய்மாரின் தஹீத்தி மொழியும் கலந்து பிறந்ததே தீவினரின் நார்புக் மொழி. அதில் தஹீத்திச் சொற்கள் மீன், செடிகொடி, சமையல் ஆகியவற்றில் மிகுதியும் காணப்படுவது கருதத்தக்கது. பாறைகளில் பொறுக்கும் சிறு கடல் நத்தைக்கு 'ஹிஹி' என்றே பெயர். அடுப்படியிலும் கடற்கரையிலும் தாய் வழங்கிய சொல்லைப் பிள்ளை கைவிடவில்லை. ஒரு காலத்தில் பள்ளியில் இம்மொழியைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். வீட்டில் அது தொடர்ந்தது.

1979இல் தீவு தன்னாட்சி பெற்றது. 2004இல் நார்புக், ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாகச் சட்டத்தில் ஏற்கப்பட்டது. 2007இல் யுனெஸ்கோ அதனை அழிவை எதிர்நோக்கும் மொழிகளுள் சேர்த்தது. 2015இல் ஆஸ்திரேலிய அரசு தீவின் சட்டமன்றத்தைக் கலைத்தது. தீவினர் பலர் அதனை எதிர்த்தனர்.

ஆட்சிமன்றம் ஆணையால் அமையும், ஆணையால் கலையும். மொழி அவ்வாறன்று. ஆண்டுதோறும் ஜூன் 8 அன்று தீவினர் பழங்கால உடையணிந்து, துறைமுகத்திலிருந்து முன்னோர் கல்லறைகளுக்கு நடந்து செல்கின்றனர். கல்லில் பொறித்த பெயர்களை அன்று படிக்கலாம். பொறிக்கப்படாத தாய்மாரை அறிய, அவர்தம் பேரப்பிள்ளைகள் பேசக் கேட்டல் வேண்டும். அப்பேச்சு ஓயுமாயின், அத்தாய்மார் இரண்டாம் முறை மறைந்தோராவர்.