ஆலிஸின் பச்சை நோட்டு

பழைய புத்தக வியாபாரி என்றால் அடிமாட்டு விலைக்கு வாங்கி ஆனை விலைக்கு விற்பவர் என்றுதான் நமக்கு நினைப்பு. பிலடெல்பியாவின் ரோஸன்பாக்கும் அதற்கு விலக்கல்ல. ஆனாலும் ஒரு நோட்டுப் புத்தகம் ஊர் திரும்பியதில் அவருக்குப் பங்கு உண்டு.

அந்த நோட்டு 1864 நவம்பர் 26 அன்று ஆலிஸ் லிடல் கைக்கு வந்தது. ஆக்ஸ்போர்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்த சார்ல்ஸ் டாட்ஜ்சன் கொடுத்த பரிசு. 90 பக்கம். குட்டி எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. 37 படங்களும் அவரே போட்டவை. 1862 ஜூலை 4 அன்று படகில் போகும்போது வாய்க்கு வந்தபடி சொன்ன கதை அது. எழுதித் தரச்சொல்லிக் கேட்டபோது ஆலிஸுக்குப் பத்து வயது. கையில் கிடைத்தபோது பன்னிரண்டு. அடுத்த வருடம் கதை கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வளர்ந்து, லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில், டென்னியலின் படங்களோடு அச்சாகி உலகத்துக்குப் போய்விட்டது. நோட்டு மட்டும் ஆலிஸ் வீட்டில் இருந்தது. நகல் பதிப்புப் போட ஆசிரியரே ஒருமுறை அதை இரவல் வாங்க வேண்டியிருந்தது!

1926-ல் ஆலிஸின் கணவர் காலமானார். மூன்று மகன்களில் இருவரை முதல் உலகப் போர் முன்பே கொண்டுபோயிருந்தது. பெரிய வீடு, பெரிய செலவு. 1928 ஏப்ரல் 3 அன்று லண்டன் சோதபி ஏலத்தில் நோட்டு 15,400 பவுனுக்குப் போனது. எடுத்தவர் ரோஸன்பாக்.

இவர் வெறும் வியாபாரி அல்லர். இலக்கியத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். தாய்மாமன் மோசஸ் போலாக்கின் புத்தகக் கடையில் தொழில் பழகியவர். பழைய அமெரிக்கக் குழந்தை நூல்களைத் தேடிச் சேர்த்து, 1933-ல் அவற்றுக்கு விரிவான நூற்பட்டியல் வெளியிட்டவர். கிழிந்த பாலபாடத்துக்கும் மதிப்பு உண்டு என்று தெரிந்த கண் அது. ஆனால் வியாபாரம் வியாபாரம்தான்: கிராமபோன் முன் நாய் உட்கார்ந்திருக்குமே, அந்த விக்டர் கம்பெனியை நிறுவிய எல்ட்ரிட்ஜ் ஜான்சனுக்கு நோட்டை விற்றுவிட்டார். ஜான்சன் அதைத் தம் உல்லாசக் கப்பலிலும் கூடவே கொண்டுபோனார்.

1945-ல் ஜான்சன் இறந்தார். மறு வருடம் நியூயார்க்கில் மீண்டும் ஏலம். இந்த முறை 50,000 டாலருக்கு எடுத்தவரும் ரோஸன்பாக்தான். முன்பு அவர் கொடுத்த பவுன் அன்றைய கணக்கில் சுமார் 75,000 டாலர். ஆக விலை இறங்கியிருந்தது. நோட்டைப் பிரிட்டனுக்கே திருப்பித் தர அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தலைவர் லூதர் எவன்ஸ் முன்னின்று நன்கொடை திரட்டினார். அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே ஹிட்லரைத் தாக்குப்பிடித்த பிரிட்டனுக்கு நன்றியாக, 1948 நவம்பரில் நோட்டு பிரிட்டிஷ் மியூசியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதைப் பார்க்க ஆலிஸ் இல்லை, 1934-லேயே இறந்துவிட்டார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிறுமி ஆலிஸின் போட்டோ ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் டாட்ஜ்சன் கையால் வரைந்த அவள் முகம் ஒளிந்திருப்பது 1977-ல்தான் தெரிந்தது. ஏலத்தில் இருமுறை எடுத்த ரோஸன்பாக்குக்கும் அது தெரியாது.