மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளும் மூவவத்தை மின்சுற்றும்: சமநிலைக் கணக்கின் வரலாறு

மூவவத்தை மின்சுற்றுக் கணக்குகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே நிபந்தனையோடு தொடங்குகின்றன: மூன்று அவத்தைகளிலும் சுமை சமம். ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது தொழிற்சாலை மோட்டார் மட்டுமே. வெளிச்சத்துக்கு மின் எடுத்த இடமெல்லாம் சமமின்மைதான் இயல்பு. அதைச் சமாளித்த வழிகளில் மிகக் கூர்மையானது தோட்டத்து ஓடைகளின் சிறு மின்நிலையங்களோடு தொடர்புடையது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பிறகு, தோட்டம் தோறும் எழுந்த ‘ஸ்டோர்’ எனப்படும் தொழிற்சாலைகளுக்கு வலு தந்தவை நீர்ச்சக்கரமும் நீராவி எஞ்சினும், பின்னர் டர்பைனும் எண்ணெய் எஞ்சினும். கட்டிடத்தின் நீளத்துக்கு ஒரே சாப்ட் ஓடும். ரோலர், சல்லடை, உலர்த்தி எல்லாம் அதிலிருந்து பெல்ட் மூலம் இயங்கும். இங்கிலாந்தின் கெண்டலில் கில்க்ஸ் நிறுவனம் செய்த டர்பைன்கள் பல தோட்டங்களுக்கு வந்தன. சில இடங்களில் அதே டர்பைனில் டைனமோவைப் பூட்டி, துரை பங்களாவுக்கும் ஸ்டோருக்கும் விளக்கேற்றினர். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு அந்தக் கம்பி போகவில்லை.

1891இல் ஜெர்மனியின் லாஃபனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மூவவத்தை மின்சாரம் கடத்தப்பட்டதும், தூரத்து நீர்வீழ்ச்சியால் ஆலையை ஓட்டலாம் என்பது உறுதியாயிற்று. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் வைத்த ஆய்வுரையில் மலைநாட்டு நீர்வலுவை நாடு முழுவதற்கும் பயன்படுத்த வாதாடினார். அதே 1918இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் போர்டெஸ்கியூ, சமமற்ற மூவவத்தை ஓட்டங்களைச் சமமான கூறுகளாகப் பிரித்துக் கணிக்கும் முறையை வெளியிட்டார். விமலசுரேந்திர வாதாடிய லக்சபான நீர்மின் திட்டத்தின் வேலை 1924இல் தொடங்கி, 1927இல் நின்று, 1950இல்தான் 25 மெகாவாட்டோடு முடிந்தது. கால் நூற்றாண்டுத் தாமதத்துக்குத் தொழினுட்பக் காரணம் கூறுவது பொருந்தாது.

சாப்ட் போய், இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் வந்தபோது ஸ்டோரின் கணக்கும் மாறியது. 400 வோல்ற்றில் 15 கிலோவாட் மோட்டார், வலுக்காரணி 0.85, வினைத்திறன் 0.9 என்றால் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 28 அம்பியர். ஓடும்போது ஒரு பியூஸ் போனால் மோட்டார் உடனே நிற்காது. அதே வலுவை இரண்டு கம்பிகளிலிருந்து இழுக்கும்போது ஓட்டம் ஏறத்தாழ √3 மடங்காகி 49 அம்பியரைத் தொடும், சுருள் கருகும். ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் தொடக்க ஓட்டத்தை மூன்றில் ஒன்றாக்கும். முறுக்குவிசையும் மூன்றில் ஒன்றுதான். எனவே கொழுந்து நிரம்பிய ரோலரை அப்படிக் கிளப்புவது கடினம்.

லயங்களுக்கு மின்சாரம் பிந்தித்தான் வந்தது. காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலேயே மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் நீண்டது. ஒற்றை அவத்தையில் இயங்கும் வீடுகளை மூன்று அவத்தைகளுக்கும் பிரித்துக் கொடுத்தாலும் மாலையில் சுமை ஒன்றாக இருக்காது. 60, 40, 20 அம்பியர் என்று வைத்துக்கொண்டால், தடைச் சுமைக்கு நியூட்ரலில் 34.6 அம்பியர் ஓடும். நியூட்ரல் அறுந்தால், 60 அம்பியர் வரிசைக்கு 176 வோல்ற்றும் 20 அம்பியர் வரிசைக்கு 289 வோல்ற்றும் கிடைக்கும். குறைவாக எரித்தவர் வீட்டில்தான் பல்பு போகும்.

இக்கணக்கைத் தலைகீழாகப் போட்டதுதான் அடுத்த கட்டம். தேசிய வலையமைப்பு வந்தபின் கைவிடப்பட்ட தோட்டத்து டர்பைன்களைச் சீரமைக்க 1980களில் ஐ.டி.டி.ஜி. என்ற பிரித்தானியத் தொண்டு அமைப்பு உதவியது, பின்னர் கிராமத்துச் சிறு நீர்மின் திட்டங்களிலும் இறங்கியது. விலை குறைந்த மூவவத்தை மோட்டாரையே மின்பிறப்பாக்கியாக்கி, ஒற்றை அவத்தைச் சுமைக்கு ஊட்டும் சுற்று அவற்றில் பயன்பட்டது. 230/400 வோல்ற் மோட்டாரை டெல்டாவில் இணைத்து, ஒரு அவத்தைக்குக் குறுக்கே C அளவு கொள்ளளவியும், இன்னொன்றுக்கு 2C அளவும் வைப்பார்கள், மூன்றாவது வெறுமை. சுமை C இருக்கும் அவத்தையில். காவி வரைபடம் போட்டுப் பார்த்தால், சுமையின் கடத்துதிறன் √3ωC ஆகும்போது மூன்று கம்பிகளின் ஓட்டங்களும் சமமாகி 120 பாகை இடைவெளியில் நிற்கின்றன. வெளியே ஒற்றை அவத்தைச் சுமை, மோட்டாருக்கோ பூரண சமநிலை! 2C தவறான பக்கத்தில் இருந்தால் சுழற்சித் திசைக்கு முரணாகி, சமமின்மை கடுமையாகும். வீடுகளில் விளக்கணைத்தாலும் சமநிலை குலையும். ஆகவே எஞ்சும் வலுவை வெப்பமூட்டியில் கரைக்கும் கட்டுப்படுத்தி கட்டாயம்.

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. மலையகப் பாடசாலைகளில் அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், சமச்சுமைக் கணக்குகளோடு இந்த இரு கொள்ளளவிச் சுற்றையும் மாணவருக்குத் தர வேண்டும். முதல் கேள்வியாக, 50 ஹேர்ட்ஸில் 104 மைக்ரோபரட் C உடைய 230 வோல்ற் சுற்று எத்தனை வாட் சுமையில் சமநிலை அடையும் என்று கேட்கலாம். விடை ஏறத்தாழ 3,000.