கட்டடப் பாதுகாப்பு ஆய்வு (தமிழ்நாடு)

கட்டடப் பாதுகாப்பு ஆய்வு என்பது ஒரு கட்டடம் போதிய உறுதியுடன் உள்ளதா, தீப்பிடித்தால் உள்ளிருப்போர் தப்பி வெளியேற வழியுள்ளதா எனச் சட்டப்படி சோதித்தறிதல் ஆகும். தமிழ்நாட்டில் இப்பொறுப்பு ஒரே அலுவலகத்திடம் இல்லை. பல துறைகளிடையே பிரிந்து கிடக்கின்றது. இப்பிரிவின் விளைவைக் கும்பகோணம் பள்ளித் தீ விபத்து வெளிப்படுத்தியது.

சட்டப் பின்னணி

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1970 இல் வெளியிட்டு, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி தீப்பாதுகாப்புப் பற்றியது. இது பரிந்துரை மட்டுமே. மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ தன் விதிகளில் ஏற்றுக்கொண்ட பின்னரே கட்டாயமாகும்.

ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டால், வரைபட அனுமதி உள்ளாட்சி அல்லது நகரமைப்புத் துறையைச் சார்ந்தது. 1965 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின்படி கட்டட உரிமத்தை வட்டாட்சியர் வழங்குவார். அதற்குப் பொறியாளரின் உறுதிச் சான்று தேவை. தடையின்மைச் சான்று தீயணைப்புத் துறையுடையது. இவற்றைப் பார்த்துக் கல்வித்துறை அங்கீகாரம் அளிக்கும். ஆகவே ஒருவர் நேரில் பாராமல் கையொப்பமிட்டால், அத்தாளை நம்பியே அடுத்தவரும் ஒப்பமிடும் நிலை உண்டாகிறது. சான்று பெற்ற பின் எழுப்பப்படும் கூரையையோ அடைக்கப்படும் வாயிலையோ அச்சான்று காட்டாது.

கும்பகோணம் தீ விபத்து

ஜூலை 16, 2004 அன்று காலை, காசிராமன் தெருவிலிருந்த பள்ளியின் சத்துணவுச் சமையற்கூடத்தில் பற்றிய தீ, மாடி வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின, மாடிப்படியோ குறுகலானது. எரிந்த கூரை குழந்தைகள் மேல் சரிந்தது. 94 குழந்தைகள் இறந்தனர்.

இதன்பின் பள்ளிகளிலிருந்த கீற்றுக் கூரைகளை அகற்ற மாநில அரசு ஆணையிட்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. இவ்விபத்தையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் (அவினாஷ் மெஹ்ரோத்ரா எதிர் இந்திய ஒன்றியம்), கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையும் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது.

யார் பொறுப்பு?

குற்றவியல் வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் ஜூலை 30, 2014 இல் தீர்ப்பு வழங்கியது. விபத்து நடந்து பத்தாண்டுகள் கடந்துவிட்டன. பத்துப் பேர் குற்றவாளிகள் எனக் காணப்பட்டனர். பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டிக்கப்பட்டோருள் கல்வித்துறை அலுவலர்களும், உறுதிச் சான்றளித்த பொறியாளரும் இருந்தமை குறிப்பிடத்தக்கது. கையொப்பமும் குற்றப்பொறுப்பைக் கொணரும் என்பதை இது உணர்த்தியது. நகராட்சி ஆணையர் உள்ளிட்ட பதினொருவர் விடுவிக்கப்பட்டனர். மேல்முறையீட்டில், 2017 இல் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனரின் ஆயுள் தண்டனையைக் குறைத்து, தண்டிக்கப்பட்ட வேறு சிலரை விடுவித்தது.