சரவிளக்கும் அகல்விளக்கும்

பட்டணத்து டாக்டர் ஒருவர் கிராமத்துக்கு வருகிறார்; அங்கே மண்டிக் கிடக்கும் நோயையும் அறியாமையையும் தன்னந்தனியாக நின்று விரட்டுகிறார். இப்படி ஒரு கதாநாயகனைப் படைக்காத நாவலாசிரியர் நம்மிடையே அபூர்வம். நானும் ஒருவரைப் படைத்திருக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் ஊரே திரண்டு அவருக்கு மாலை போடும். எழுதுகையில் எனக்கே கண் கலங்கிற்று. பிற்பாடு ஜாம்கேட்டின் சரித்திரத்தைப் படித்தபோதுதான், மாலையைத் தவறான கழுத்தில் போட்டுவிட்டேனோ என்ற சந்தேகம் பிறந்தது.

ஜாம்கேட் மகாராஷ்டிரத்தில், முன்னர் அகமத்நகர் என்று வழங்கிய மாவட்டத்தில் உள்ள ஒரு வறண்ட வட்டாரம். நம் வேலூர் மருத்துவக் கல்லூரியில் படித்து, வாழ்க்கையிலும் ஒன்றான ராஜ் ஆரோலேயும் மேபெல் ஆரோலேயும் அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்துக்கொண்டு 1970-ல் அங்கே குடியேறினார்கள். அப்போது அந்தக் கிராமங்களில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், 170-க்கு மேற்பட்டவை முதல் ஆண்டு நிறைவைக் காண்பதில்லை. அவற்றைக் கொன்றவை பெயர் தெரியாத வியாதிகள் அல்ல. பேதி, பசி, தொப்புள்கொடியை அறுத்த அழுக்குக் கத்தி, இவைதாம்.

கத்தி என்றதும் என் சித்தியின் நினைவு வருகிறது. அவளுடைய தலைச்சன் பிள்ளை ஏழாம் நாள் பால் குடிக்க மறந்தது. உடம்பு வில்லாய் வளைந்தது. குதிரை வண்டியில் வந்த டாக்டர், கொடியை எதைக்கொண்டு அறுத்தீர்கள் என்று கேட்டார். மூலையில் நின்ற மருத்துவச்சிப் பாட்டி, அரிவாள் என்றாள். அவர் அவளைக் கடிந்துகொண்டு, பீஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கத்தியைக் கொதிநீரில் போட்டெடு என்று அதற்கு முன்பும் யாரும் அவளிடம் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

ஆரோலே தம்பதியரும் முதலில் பட்டணத்து வழியில்தான் யோசித்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸுகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பலிக்கவில்லை. நர்ஸுகளுக்கு ஊர் பிடிக்கவில்லை. ஊருக்கு அவர்கள் மேல் நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியையே பழக்குங்களேன் என்ற யோசனை கிராமத்தாரிடமிருந்து வந்தது. அதை அலட்சியம் செய்யாமல் கேட்டுக்கொண்டார்களே, அதுதான் அந்த டாக்டர்களின் பெருமை என்பேன்.

ஊரார் தேர்ந்தெடுத்த பெண்கள் யார்? பலருக்கு எழுத்து வாசனை இல்லை. பலர் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஜாதிகளில் பிறந்தவர்கள். சிலர் கணவனால் கைவிடப்பட்டவர்கள். இவர்கள் ஜாம்கேட்டுக்கு வந்து, ஜாதி பாராமல் சேர்ந்து உண்டு, சேர்ந்து உறங்கி, பாடம் கற்றார்கள். கற்றதை ஊருக்குத் திரும்பி வீடு வீடாகச் சொன்னார்கள். பேதி கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், பிரசவத்தில் சுத்தமான பிளேடு, குழந்தையின் எடை, காசநோய்க்கும் குஷ்டத்துக்கும் இடைவிடாத மருந்து. இவ்வளவுதான் வித்தை!

ஆனால் நோய்க்கு ஜாதியும் ஒரு காரணமாயிற்றே? அதற்கும் டாக்டர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆழ்குழாய்க் கிணறுகள் ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பிலேயே அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். தாகம் எடுத்த மேல்ஜாதி வீட்டுக் குடங்கள் வேறு வழியின்றி அங்கே வந்தன. எத்தனையோ பிரசங்கங்கள் சாதிக்காததைத் தண்ணீர் சாதித்தது.

சில பத்தாண்டுகளில் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு 30-க்கும் கீழே இறங்கிற்று. 1979-ல் தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. மேபெல் 1999-லும் ராஜ் 2011-லும் காலமானார்கள். கிராமப் பெண்களின் கையில் வேலை தொடர்ந்தது.

அவர்களில் ஒருத்தி முக்தாபாய். 1988-ல் வாஷிங்டனில் நடந்த ஒரு மகாநாட்டில் பேச எழுந்தாள். மண்டபத்தில் தொங்கிய சரவிளக்குகளைக் காட்டி, டாக்டர்கள் இவற்றைப் போன்றவர்கள், அழகும் விலையும் அதிகம், எட்டமுடியாத உயரத்தில் இருப்பவர்கள் என்றாள். பிறகு பையிலிருந்து இரண்டு சிறு விளக்குகளை எடுத்து, ஒன்றை ஏற்றி, அதைக்கொண்டே மற்றதை ஏற்றினாள். சரவிளக்கால் இது ஆகுமா என்பதுதான் அவள் கேள்வி.

அந்த இடத்தைப் படிக்கையில் என் கண்முன் நின்றவள் முக்தாபாய் அல்ல. மூலையில் தலைகுனிந்து நின்ற எங்கள் மருத்துவச்சிப் பாட்டிதான். அவளிடமும் திரியும் எண்ணெயும் இருந்தன. குதிரை வண்டியில் நெருப்போடு வந்தவர் அதை ஏற்றாமல் போய்விட்டார். நாவல் எழுதிய நானும் அவளுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.