வெள்ளியைக் காகிதமாக்கிய ஊர்

சீனாவுக்குச் செல்லும் வெளிநாட்டுப் பயணிகள் பலர் பெய்ஜிங்கையும் ஷாங்காயையும் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். பெய்ஜிங்குக்குத் தென்மேற்கே, கடற்கரையே இல்லாத ஷான்சி மாகாணம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் சீனப் பேரரசின் பணப்புழக்கத்தில் பெரும்பங்கு இந்த மாகாணத்து வணிகர்களின் கைகளில் இருந்தது.

அதன் மையம் பிங்யாவ் என்ற சிறு நகரம்.

அங்கே சாயக்கடை ஒன்றை நிர்வகித்துவந்தவர் லெய் லுய்தாய். அக்காலத்தில் வணிகர்கள் வெள்ளிக்கட்டிகளை வண்டிகளில் ஏற்றி, ஆயுதக் காவலர் துணையோடு அனுப்புவார்கள். வழியெங்கும் கொள்ளையர் பயம். லெய் வேறு வழி கண்டார். ஓர் ஊர்க் கிளையில் வெள்ளியைக் கட்டினால் சீட்டு கிடைக்கும். இன்னோர் ஊர்க் கிளையில் அதைக் காட்டிப் பணம் பெறலாம். இது நம்மூர் உண்டியல் முறையைப் போன்றதுதான். 1823 வாக்கில் சாயக்கடை ‘ரிஷெங்சாங்’ என்ற வங்கியாகவே மாறியது. மோசடியைத் தடுக்க, சீட்டில் தேதியும் தொகையும் சங்கேத எழுத்துகளில் எழுதப்பட்டன.

பிற வணிகர்களும் இவ்வழியைப் பின்பற்ற, பிங்யாவில் வங்கிகள் பெருகின. புதிய பாணி வங்கிகளின் போட்டியும் 1911 புரட்சியின் குழப்பமும் அவற்றைச் சாய்த்தன. 1914இல் ரிஷெங்சாங் திவாலானது.

அதன் கட்டடம் இன்று அருங்காட்சியகம். 1370இல் எழுப்பப்பட்ட, ஏறக்குறைய 6 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதில் இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. 1997இல் யுனெஸ்கோ பிங்யாவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சீனாவுக்குச் செல்பவர்கள் இரண்டு நாளையாவது ஷான்சிக்கு ஒதுக்க வேண்டும்.